அட்டைக் கிரீடமும் அசல் கொக்கியும்: வாசகர் கேள்வி – பதில்

பள்ளி ஆண்டு விழாக்களும் மாறுவேடப் போட்டிகளும் நெருங்கிவிட்டதால், இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி கிரீடம், ஒட்டியாணம், வளையல், கதாயுதம் ஆகியவற்றைப் பற்றியே இருந்தது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் அவற்றைச் சேர்த்து ஏழாகச் சுருக்கியிருக்கிறேன். கத்தரிக்கோல், பேப்பர் கட்டர், எஃகு ஸ்கேல், ஒரு சிறு குறடு, ஊசி நூல் ஆகியவை வீட்டில் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். அதற்குமேல் ஏதேனும் தேவைப்படும் இடத்தில் அதைத் தனியே குறிப்பிடுகிறேன்.

கேள்வி: என் மகன் முதல் வகுப்பு படிக்கிறான். ஆண்டு விழாவில் அவனுக்கு அரசன் வேடம் கொடுத்திருக்கிறார்கள். போன வருடம் வாடகைக்கு எடுத்த கிரீடம் நாடகம் முடியும்வரை அவன் கண்ணை மறைத்துக்கொண்டே இருந்ததால், ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்தபடிதான் வசனம் பேசினான். நூற்றைம்பது ரூபாய்க்குள் வீட்டிலேயே ஒன்று செய்துவிட முடியுமா?
– தண்டையார்பேட்டை வாசகி

பதில்: தாராளமாக முடியும். வாடகைக் கிரீடம் யார் தலைக்கும் பொருந்த வேண்டும் என்று செய்யப்படுவதால், பெரும்பாலும் யார் தலைக்கும் சரியாகப் பொருந்துவதில்லை. ஆகவே அளவெடுப்பதிலிருந்தே தொடங்குவோம். ஒரு நூலைப் புருவத்துக்கு இரண்டு விரற்கடை மேலே வைத்து, காதுகளுக்குச் சற்று மேலாகக் கொண்டுபோய், பின்மண்டை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். பையனுக்கு விக் வைப்பதாக இருந்தால் அதை வைத்த பிறகே அளக்க வேண்டும். அந்த அளவு 51 செ.மீ. என்று வந்தால், அட்டையை 47 செ.மீ. நீளத்துக்கு மட்டும் வெட்டுங்கள். மீதமுள்ள நான்கு செ.மீ. இடைவெளி தலைக்குப் பின்னால் வரும். அதை இரண்டு விரல் அகல எலாஸ்டிக் நிரப்பும்.

அட்டைக்கு மளிகைக் கடையில் கிடைக்கும் பிஸ்கட் பெட்டியே போதும், ஆனால் அதை எந்தத் திசையில் வெட்டுகிறோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. அட்டையின் ஓரத்தை உற்றுப் பார்த்தால் இரண்டு தாள்களுக்கு நடுவே அலையலையாக இன்னொரு தாள் ஓடுவதும், அதனால் சிறு சிறு குழாய்கள் உண்டாகியிருப்பதும் தெரியும். அந்தக் குழாய்கள் கிரீடத்தில் மேலிருந்து கீழாக நிற்கும்படி வெட்டினால், அட்டை தலையைச் சுற்றி அழகாக வளையும், முகப்பும் நிமிர்ந்து நிற்கும். குழாய்கள் தலையைச் சுற்றிப் படுத்திருக்கும்படி வெட்டிவிட்டால், வளைக்கும்போது அட்டை கண்ட இடத்தில் மடிந்து, அந்த மடிப்பு எத்தனை கோட் வர்ணம் பூசினாலும் மறையாது. முதலில் செய்தித்தாளை இரண்டாக மடித்துப் பாதிக் கிரீடத்தை வரைந்து வெட்டுங்கள். விரித்தால் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். ஆறு வயதுப் பிள்ளைக்கு முகப்பில் 13 செ.மீ. உயரமும் பக்கங்களில் அதில் பாதியும் போதும். உயரத்தைக் கூட்டக் கூட்டக் கிரீடம் முன்பக்கம் சாயும். உங்கள் மகனின் கண்ணை மறைத்த கிரீடமும் அப்படிச் சாய்ந்ததாகத்தான் இருக்கும்.

சித்திர வேலைக்குச் சணல் கயிறே சிறந்தது. அட்டையில் பென்சிலால் கொடியோ மாங்காயோ வரைந்து, கோட்டின் மேல் வெள்ளைப் பசையை மெல்லியதாக இட்டு, கயிற்றை அதன் மேல் படுக்க வைத்து விரல் நுனியால் நீவிவிடுங்கள். காய்ந்ததும், அதே பசையில் சம அளவு தண்ணீர் கலந்து அட்டையின் இரு பக்கமும் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் காயும்போது அட்டை அந்தப் பக்கமாகச் சுருண்டுகொள்ளும்.

இதன் பிறகு நேராகப் பொன்னிறத்துக்குப் போய்விடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. முதலில் கருஞ்சிவப்பு அல்லது கறுப்பு அக்ரிலிக் வர்ணத்தை முழுக்கப் பூசிக் காயவிடுங்கள். பிறகு தூரிகையைப் பொன்வர்ணத்தில் தொட்டு, செய்தித்தாளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, அந்த உலர்ந்த தூரிகையால் கயிற்று மேடுகளின் மீது லேசாக வருடுங்கள். மேடுகள் மட்டும் மின்னும், பள்ளங்கள் இருண்டே நிற்கும். ஐந்தாம் வரிசையிலிருந்து பார்ப்பவருக்கு அது செதுக்கிய உலோகமாகவே தோன்றும். முழுக்கப் பொன் பூசிய கிரீடம் அந்தத் தூரத்திலிருந்து வெறும் மஞ்சள் அட்டையாகத்தான் தெரியும். நடுவில் ஒரு சிவப்புக் கல், இரு பக்கமும் இரண்டு பச்சைக் கற்கள் போதும்.

உட்புறத்தில் பழைய பனியன் துணியை நான்காக மடித்துப் பட்டையாக ஒட்டுங்கள். அட்டையின் ஓரம் நெற்றியை அறுக்காது, வியர்வையையும் துணி உறிஞ்சிக்கொள்ளும். எலாஸ்டிக்கை ஒட்டக் கூடாது. அட்டையின் முனையில் துணித்துண்டு ஒன்றை வைத்துப் பலப்படுத்தி, ஊசியால் துளையிட்டு, இரட்டை நூலால் தைக்க வேண்டும். அட்டை இலவசம், சணல் வீட்டிலேயே இருக்கும், வர்ணம் சிறு புட்டிகளில் கிடைக்கும். கையிலுள்ள பணத்தில் நல்ல எலாஸ்டிக் வாங்குங்கள். தாங்கிப் பிடிக்கும் பொருளுக்குச் செலவழித்து, கண்ணுக்குத் தெரியும் பொருளில் மிச்சம் பிடிப்பதே என் வழக்கம். கடையில் விற்கும் மலிவான நாடகச் சாமான்கள் பலவும் இதற்கு நேர்மாறாகச் செய்யப்படுகின்றன. விழாவுக்கு மூன்று நாள் முன்பே அதை அணிவித்து அரை மணி நேரம் வீட்டில் ஓடி விளையாட விடுங்கள். எது கழன்று விழும் என்பதை அவனே காட்டிக்கொடுத்துவிடுவான்.

கேள்வி: பேரனுக்காகத் தெர்மாகோலில் கதாயுதம் செய்து, மேலே பொன்னிற ஸ்பிரே பெயின்ட் அடித்தேன். அடித்துக்கொண்டிருக்கும்போதே அது அம்மைத் தழும்புபோலக் குழிகுழியாகிவிட்டது. கடையில் விசாரித்தால் ஆளுக்கொரு பசையையும் வர்ணத்தையும் சொல்கிறார்கள். எதற்கு எதைப் பயன்படுத்த வேண்டும்?
– காசிமேடு வாசகர்

பதில்: ஐயா, தவறு உங்கள் கையில் இல்லை. தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரின் என்ற பிளாஸ்டிக்கை உப்ப வைத்த பொருள். ஸ்பிரே பெயின்டில் உள்ள கரைப்பான் அந்தப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். கடுமையான வாடை அடிக்கும் ரப்பர் பசையும் அதையேதான் செய்யும். தெர்மாகோலுக்கு வெள்ளைப் பசையும் தண்ணீரில் கரையும் வர்ணமுமே ஏற்றவை. அடுத்த முறை, வெள்ளைப் பசையில் நனைத்த செய்தித்தாள் துண்டுகளை உருண்டையின் மேல் இரண்டு மூன்று அடுக்காக ஒட்டிக் காயவிட்டு, அதன் மேல் அக்ரிலிக் வர்ணம் பூசுங்கள். கைப்பிடிக் குச்சியை உருண்டையின் அடியில் குத்தி நிறுத்தினால் இரண்டாவது அடியில் கழன்றுவிடும். குச்சி உருண்டையின் ஊடாகப் புகுந்து மேல் உச்சிவரை சென்று, உச்சியில் வைக்கும் கலசத்துக்குள் முடிய வேண்டும். இரும்புக் குழாய் வேண்டாம். சன்னமான பிளாஸ்டிக் குழாய் போதும், எதிரில் நிற்பதும் ஒரு குழந்தைதான் அல்லவா?

இனி மற்றப் பசைகளைப் பற்றிச் சொல்கிறேன். வெள்ளைப் பசை மலிவானது, கையில் பட்டால் கழுவிவிடலாம். ஆனால் அதிலுள்ள தண்ணீர் ஆவியான பிறகே அது பிடிக்கும் என்பதால், கார்த்திகை மாத மழையில் நம் கடற்கரைக் காற்றில் ஒரு நாளில் காய வேண்டியது இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். காலையில் விழாவை வைத்துக்கொண்டு முதல்நாள் இரவு அதை நம்புவது வீண்.

ஹாட் கிளூ கன் அவசரத்துக்குக் கைகொடுக்கும். அதற்கான பசைக் குச்சிகள் 7 மி.மீ., 11 மி.மீ. என இரண்டு தடிமன்களில் வருகின்றன. சிறிய கன்னுக்கு 7 மி.மீ. குச்சிதான் பொருந்தும், வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். முனை மிகவும் சூடாக இருக்கும் என்பதால் அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. சூட்டால் உருகிய பசை மறுபடியும் சூட்டால் இளகும் என்பதும் நினைவிருக்கட்டும். நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு மே மாதம், குழு நடனத்துக்காகச் செய்த பன்னிரண்டு பதக்கங்களை மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட அறையில் வைத்துவிட்டு, மறுநாள் மாலை கதவைத் திறந்தபோது, கற்கள் எல்லாம் மெழுகில் மிதந்ததுபோல நழுவி ஒரு பக்கமாகச் சேர்ந்திருந்தன. அன்று இரவு முழுவதும் அவற்றை நூலால் தைத்தேன். அதன் பிறகு, கனமான எதையும் சூட்டுப் பசையால் மட்டும் நிறுத்துவதில்லை.

ரப்பர் பசையை ஒட்ட வேண்டிய இரண்டு பரப்பிலும் பூசி, பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து, விரலால் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்த பிறகு அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே சேர்த்துவிட்டு, "பிடிக்கவில்லை" என்று குறைகூறுபவர்கள் அதிகம். சேர்த்த பிறகு நகர்த்த முடியாது என்பதால் குறி பார்த்து வைக்க வேண்டும். அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். ஒற்றை அறை வீட்டில் அடுப்பு எரியும்போதும் சாமி விளக்கு எரியும்போதும் அந்த டப்பாவைத் திறக்கவே கூடாது. மாடியிலோ வாசலிலோ வைத்து வேலை செய்யுங்கள். நொடியில் ஒட்டும் சூப்பர் பசையை உடைந்ததைச் சேர்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது கற்களைச் சுற்றி வெண்புகைபோலப் படிந்து மினுமினுப்பைக் கெடுக்கும். பஞ்சிலோ பருத்தித் துணியிலோ நிறையப் பட்டால் கைசுடும் அளவுக்குச் சூடாகும்.

கேள்வி: என் மகளும் அவளுடன் பரதம் கற்கும் ஏழு பிள்ளைகளும் கோயில் விழாவில் குழு நடனம் ஆடப் போகிறார்கள். எட்டுப் பேருக்கும் நகை செட் வாங்க எங்களால் இயலாது. தாய்மார்கள் சேர்ந்து வீட்டிலேயே செய்யலாம் என்று நினைக்கிறோம். எவற்றைச் செய்யலாம், எவற்றைச் செய்யக் கூடாது?
– பெரம்பூர் வாசகி

பதில்: எதையும் வெட்டும் முன்பு நடன ஆசிரியையிடம் அனுமதி கேளுங்கள்; செட் நகை தவிர வேறு எதையும் ஏற்காத ஆசிரியைகள் உண்டு, அது அவர்கள் உரிமை. அவர் சம்மதித்தால் உங்களுக்குத் தயக்கம் வேண்டாம். நாகர்கோவில் வடசேரியில் வெள்ளியில் செய்து, பொன் பூசி, செந்நிறக் கெம்புக் கல் பதிக்கும் கோயில் நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை, அவைதான் அசல். நடனத்துக்கென்று இன்று பெரும்பாலானோர் வாங்கும் செட்டே அவற்றைப் பார்த்துச் செய்த போலிதான் எனும்போது, நீங்கள் செய்வது போலிக்கு ஒரு போலி, அவ்வளவே.

சலங்கையை வாங்கித்தான் ஆக வேண்டும். காதிலும் மூக்கிலும் துளையில் நுழையும் எதையும் வீட்டில் செய்யாதீர்கள். ஒட்டியாணம், வங்கி (மேற்கையில் அணிவது), ராக்கொடி, ஜடைவில்லைகள், சூரியப் பிறை, சந்திரப் பிறை, மார்புப் பதக்கம் ஆகியவற்றை நிச்சயம் செய்யலாம். இவற்றுக்கு 3 மி.மீ. ஃபோம் ஷீட் ஏற்றது. மினுக்குத் தூள் ஒட்டிய ஷீட்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்தத் தூள் ஆடும்போது உதிர்ந்து கண்ணில் விழும். ஃபோமுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. வெட்டிய துண்டை ஹேர் டிரையர் காற்றில் காட்டி, அது துவளத் தொடங்கும்போது ஓர் எவர்சில்வர் சொம்பின் வயிற்றில் வைத்து அழுத்தி, ஆறும்வரை கையை எடுக்காமல் பிடித்திருந்தால், அந்த வளைவு அப்படியே நின்றுவிடும். வங்கி கையோடு ஒட்டி நிற்பதற்கு இந்த வளைவே காரணம்; தட்டையாக விட்டுவிட்டால் ஆடுபவள் கையை நீட்டும்போதெல்லாம் அது முழங்கையை நோக்கி இறங்கும்.

ஒட்டியாணத்துக்கு அடிப்படையாகப் பழைய ஜீன்ஸ் பேன்ட்டின் இடுப்புப் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை இழுத்தாலும் அது கொடுக்காது. ஆடை உடுத்திய பிறகு, பிள்ளையை அரைமண்டியில் நிறுத்தி, மூச்சை இழுக்கச் சொல்லி அளவெடுங்கள்; நிமிர்ந்து நிற்கும்போது எடுத்த அளவு மேடையில் வயிற்றைப் பிடிக்கும். மூன்று ஃபோம் வில்லைகளைப் பட்டையின் முன்பக்கத்தில் ரப்பர் பசையால் ஒட்டி, ஓரங்களில் நான்கு தையலும் போடுங்கள். பின்னால் பேன்ட்டுக்குத் தைக்கும் இரும்புக் கொக்கியை வைத்து, அதற்கு எதிரே இரண்டு செ.மீ. இடைவெளியில் மூன்று வளையங்களைத் தைத்தால், அடுத்த ஆண்டு பிள்ளை சதை போட்டாலும் அதே ஒட்டியாணம் உதவும்.

கற்களை எட்டுப் பேருக்கும் கணக்கிட்டு ஒரே நாளில் ஒரே கடையில் வாங்குங்கள். பாதியை இன்றும் மீதியை அடுத்த வாரமும் வாங்கினால் இரண்டு வகைச் சிவப்பு வந்து சேரும், மேடையில் அது அப்பட்டமாகத் தெரியும். நடுவில் ஆழ்ந்த சிவப்பு, ஆங்காங்கே ஒரு பச்சை, ஓரத்தில் பொன்மணிச் சங்கிலி, கீழே தொங்கும் சிறு முத்துகள் என்று வைத்தால் கெம்பு நகையின் சாயல் வந்துவிடும். முத்துகளை ஒட்டாமல் கோத்துத் தையுங்கள்.

சூரியப் பிறை வகிட்டுக்கு வலப்புறமும் சந்திரப் பிறை இடப்புறமும் வர வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் எட்டு ஜோடியை ஒரே மேசையில் பரப்பி, மேடைக்குப் பின்னால் அரை வெளிச்சத்தில் எட்டுத் தாய்மார்கள் குத்தும்போது அவை மாறிப்போவது சகஜம். பின்புறத்தில் பேனாவால் "வ", "இ" என்று எழுதிவையுங்கள். ஜடைவில்லைகளைத் தனித்தனியே பின்னலில் குத்தாமல், கறுப்பு ரிப்பன் ஒன்றில் வரிசையாகத் தைத்து, அந்த ரிப்பனைப் பின்னலோடு மூன்று இடத்தில் கட்டினால் போதும். ஃபோம் எடையற்றது என்பதால் பிள்ளைகள் தலைவலி என்று சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: நானே கோத்த கம்மல்களை அணிந்தால் மகளுக்குக் காதுமடல் சிவந்து அரிக்கிறது. தங்கக் கம்மலுக்கு இப்படி ஆவதில்லை. மணிகளில் ஏதேனும் கோளாறு இருக்குமோ?
– கொடுங்கையூர் வாசகி

பதில்: மணியைவிடக் கொக்கியைத்தான் சந்தேகிக்க வேண்டும். மலிவான கொக்கிகளின் பூச்சிலும் உள்ளுலோகத்திலும் நிக்கல் கலந்திருக்கக் கூடும். வியர்வை பட்டால் அது கசிந்து சிலருக்கு இத்தகைய ஒவ்வாமையை உண்டாக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 1994லேயே காதணி முதலியவற்றில் நிக்கலுக்குக் கட்டுப்பாடு விதித்ததற்கு இதுவே காரணம். புண் முழுவதும் ஆறும்வரை எதையும் மாட்டாதீர்கள்; நீர் வடிந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள். பிறகு கொக்கியை மட்டும் வெள்ளிக்கு மாற்றுங்கள். கம்மலையும் கொக்கியையும் இணைக்கும் சிறு வளையத்தைத் திறக்கும்போது இரு முனைகளையும் விலக்கி இழுக்கக் கூடாது. ஒரு முனையை முன்னுக்கும் மற்றொன்றைப் பின்னுக்குமாகக் கதவைத் திறப்பதுபோலத் திருகி, அதே வழியில் திரும்ப மூட வேண்டும். விலக்கி இழுத்த வளையம் மறுபடி வட்டமாகாது, அந்த இடைவெளி வழியாகக் கம்மல் விழுந்துவிடும். நிறமற்ற நகப்பூச்சைக் கொக்கியில் தடவும் பழக்கம் ஓரிரு நாளுக்கு மட்டுமே பயன்படும்.

கேள்வி: பட்டு நூல் வளையல் செய்து அக்கம்பக்கத்தில் விற்கிறேன். 2.4, 2.6, 2.8 என்று அளவு சொல்லி வாங்கும் பிளாஸ்டிக் வளையல், நூல் சுற்றிய பிறகு வாங்கியவர் கைக்கு ஏற மறுக்கிறது. 2.8க்கு மேல் 2.9 கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறார். இந்தக் கணக்குதான் என்ன?
– ராயபுரம் வாசகி

பதில்: கடைக்காரர் சிரிப்பதோடு நிறுத்தாமல் விளக்கியும் இருக்கலாம். 2.4 என்பதில் உள்ள புள்ளி தசமப் புள்ளி அல்ல. முதல் எண் அங்குலம். அடுத்தது அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்ததில் எத்தனை பங்கு என்பது. ஆகவே 2.4 என்றால் வளையலின் உள்விட்டம் இரண்டேகால் அங்குலம், அதாவது சுமார் 57 மி.மீ. 2.6 என்பது சுமார் 60 மி.மீ. 2.8 என்பது சரியாக இரண்டரை அங்குலம், 63.5 மி.மீ. அளவுகள் இரண்டிரண்டாக ஏறுவதால் 2.8க்கு அடுத்தது 2.10. பள்ளிக் கணக்கில் 2.10 சிறியது, வளையல் கணக்கில் பெரியது. ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் இடையே இருப்பது எட்டில் ஒரு அங்குலம், அதாவது மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம்.

இப்போது உங்கள் சிக்கல் புரிந்திருக்கும். நூல் வளையலின் வெளிப்பக்கத்தை மட்டுமல்ல, உள்பக்கத்தையும் சுற்றிக்கொள்கிறது. இருபது இழைகளைச் சேர்த்து நெருக்கமாகச் சுற்றும்போது உள்ளே இரு பக்கமும் அரை மில்லிமீட்டர் ஏறினாலே விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் போய்விடும்; நூல் புரண்டு அடுக்கின் மேல் அடுக்கு ஏறிய இடத்தில் இன்னும் கூடுதலாகப் போகும். அகலமான வளையலுக்கு ஓர் அளவு பெரியதாக எடுங்கள், மெல்லியதற்குத் தேவையில்லை. சுற்றத் தொடங்கும் முன் வளையலின் பழைய பூச்சை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டால் பசை நன்றாகப் பிடிக்கும். இழைகளைச் சீப்பால் வாரியதுபோல இணையாக விரித்து, முறுக்கு விழாமல், ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் போகும்படி சுற்றுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் உட்புறத்தில் பசை வைத்தால் போதும். நடுவில் வைக்கும் பசை வெளியே கசிந்து பட்டின் மினுமினுப்பைக் கொன்றுவிடும். விற்பதற்கு முன், அளவு தெரிந்த உங்கள் பழைய கண்ணாடி வளையலோடு ஒட்டி வைத்து உள்வட்டத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: இந்தச் சாமான்களை மொத்தமாகப் பாரிமுனையில் வாங்கினால் மலிவு என்கிறார்கள். எந்தத் தெருவில் எது கிடைக்கும்?
– திருவொற்றியூர் வாசகி

பதில்: மெட்ரோ ரயில் உங்கள் ஊர் வழியாக விம்கோ நகர் வரை நீண்டுவிட்டதால் மண்ணடி நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். காசிச் செட்டித் தெருவில் ஃபேன்சி சாமான்களும், ஆண்டர்சன் தெருவில் தாள், அட்டை வகைகளும், கோடவுன் தெருவில் துணியும் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான மொத்தக் கடைகள் திறந்திருக்காது. மாதிரிக்கு ஒரு கல்லையோ ஒரு துண்டு லேஸையோ கையில் கொண்டுபோங்கள்; "அந்த மெரூன் மாதிரி" என்று வாயால் விளக்கி வாங்கிய நிறம் வீட்டுக்கு வந்ததும் வேறாகத்தான் இருக்கும்.

ஆனால் மொத்தக் கடையில் பாக்கெட்டாகத்தான் கொடுப்பார்கள். பத்துக் குழந்தைகளுக்குச் செய்தால் அது லாபம். ஒரு குழந்தைக்கு என்றால், அலைச்சலும் மீந்துபோகும் கற்களும் சேர்ந்து, உங்கள் தெருமுனைத் தையல் சாமான் கடையையே மலிவாக்கிவிடும். கல்யாணப் பத்திரிகைகளைத் தூக்கி எறியாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவற்றின் தடித்த பொன்னிற அட்டைக்கு இணையானதைக் காசு கொடுத்தாலும் எளிதில் வாங்க முடியாது.

கேள்வி: என் தாத்தா தெருக்கூத்துக் கலைஞர். அவர் அணிந்த மரக் கிரீடமும் புஜக்கட்டைகளும் பெட்டியில் இருக்கின்றன. கண்ணாடித் துண்டுகள் உதிர்ந்துவருகின்றன. பள்ளியில் கர்ணன் வேடம் போடும் என் மகனுக்கு இவற்றைப் பசை போட்டுச் சரிசெய்து அணிவிக்கலாமா?
– வியாசர்பாடி வாசகர்

பதில்: வேண்டாம். உங்கள் வீட்டில் இருப்பது வேடச் சாமான் மட்டுமல்ல. தெருக்கூத்துக்கு வழங்கும் கட்டைக்கூத்து என்ற பெயரே இந்தக் கட்டைகளால் வந்தது. கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தைச் செதுக்கி, வண்ணமும் ஜிகினாவும் கண்ணாடியும் பதித்து அவற்றைச் செய்தார்கள். இரவு முழுவதும் ஆடுபவரின் தோளில் பாரம் தெரியக் கூடாது என்பதற்காகவே அந்த மரத்தைத் தேர்ந்தார்கள். ஆனாலும் அவை பெரியவர் உடம்புக்கு அளவெடுத்தவை, உதிரும் கண்ணாடியோ உடைந்த கண்ணாடி.

மூலத்தைத் தண்ணீரால் துடைக்கவோ வார்னிஷ் அடிக்கவோ வேண்டாம். மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியை மட்டும் தட்டி, விழுந்த துண்டுகளை எந்த இடத்தைச் சேர்ந்தவை என்று எழுதி உறையில் போட்டுவையுங்கள். கட்டையின் அடியில் மாவுபோலத் தூள் கொட்டியிருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. அதைத் தனியே பிரித்துவைத்து, கூத்துக் கட்டை செய்பவரிடம் காட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் நம் ஊர் ஈரம் உள்ளேயே தங்கிப் பூசணம் பிடிக்கும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றிவையுங்கள்.

மகனுக்கு நகல் செய்யலாம். கண்ணாடியும் வண்ணமும் உறுதியாக நிற்கும் புஜக்கட்டை ஒன்றைத் தேர்ந்து, அதன் மேல் மெல்லிய தாளை வைத்து, அழுத்தாமல், பென்சிலைப் படுக்க வைத்து மெதுவாகத் தேய்த்தால் தாத்தாவின் சித்திரம் அப்படியே தாளில் எழும். அதைப் பையனின் தோள் அளவுக்குச் சுருக்கி அட்டையில் வரைந்து, கோடுகளில் சணல் கயிற்றை ஒட்டிக் காயவிடுங்கள். சமையலறை அலுமினியத் தாளைக் கசக்காமல் எடுத்து, பசை பூசிய அட்டையின் மேல் தளர்வாகப் போர்த்தி, காது குடையும் பஞ்சுக் குச்சியால் கயிற்றின் இரு ஓரங்களிலும் மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். அவசரப்பட்டால் தாள் கிழியும். கறுப்பு வர்ணத்தைப் பூசி ஒரு நிமிடத்தில் துணியால் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் கறுப்பு தங்கும். கண்ணாடிக்குப் பதில் வெள்ளி ஜிகினாத் தாளைச் சதுரமாக வெட்டி ஒட்டுங்கள்.

நகல் செய்யும்போது மூலக் கட்டையின் பின்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். கயிறு கோப்பதற்கான துளைகள் எந்த உயரத்தில், ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதை அளந்து, அதே விகிதத்தில் உங்கள் அட்டையிலும் இட்டு, ஒவ்வொரு துளைக்கும் பின்னால் ஒரு துண்டுத் துணியை ஒட்டிப் பலப்படுத்துங்கள். பருத்திக் கயிற்றை அக்குள் வழியாகக் கொண்டுபோய் முதுகில் முடிச்சிட வேண்டும். நைலான் கயிறு வியர்வையில் வழுக்கி அவிழ்ந்துவிடும்.